சம்பள இலக்கம்

மூன்று நாளாக இந்தப் படிவம்
என் பாடக்குறிப்புக் கொப்பிக்குள் கிடக்கிறது.
பதினெட்டு வரிகள். ஒன்றிலும் பெயரில்லை.
முதலாவது வரி என்னுடையது,
கொண்டுவந்தவள் நான்.
பேனை எழுதேல்லை என்று
எனக்கே ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளுக்கு ஏழு கிலோமீற்றர்,
கிரவல் ரோட்டு,
ஐந்து மணிக்குப் பிறகு அது யானையளுக்கு.
யாழ்ப்பாணத்தில் இருட்டோடு எழும்பி
மாங்குளத்தில் பஸ் மாறி
வரவேட்டில் சிவப்புக் கோடு விழமுன்னம்
ஓடிவருகிறவர்கள் ஆறு பேர்.
அதிலொருத்தி துஷ்யந்தினி ரீச்சர்.
இடைவேளைக்குப் புட்டைப் பிரித்துக்கொண்டு கேட்டா:
"இடமாற்றம் எடுத்துத் தருமோ உங்கட சங்கம்?
தருமெண்டால் இப்பவே வைக்கிறன் கையெழுத்து."
"போன பிறகு?"
"போன பிறகு எனக்கென்னத்துக்கு?"
சிரித்தா. எனக்கும் சிரிப்பு வந்தது.
அவவின் பிள்ளைக்கு மூன்று வயது.
விழித்திருக்கிற பிள்ளையை
சனி ஞாயிறில்தான் காண்கிறா.

குணநேசன் சேர் கணக்கில் மன்னன்.
மாதம் நூற்றைம்பது, வருடத்துக்கு ஆயிரத்தெண்ணூறு,
பென்சனுக்கு இருபத்திரண்டு வருடம் கிடக்கு.
"முப்பத்தொன்பதாயிரத்து அறுநூறு, ரீச்சர்.
ஒரு நாம்பன் கன்று."
பிறகு வெண்கட்டியை மேசையில் தட்டியபடி
"நீங்கள் கத்திச் சம்பளம் கூடினால்
சேராத எனக்கும் கூடும்தானே?"
விடை சரி.
வழியில் எங்கேயோ பிழை.
எந்தப் படியில் என்று எனக்குக் காட்டத் தெரியவில்லை.

அதிபர் வேண்டாமென்று சொல்லவில்லை.
"செய்யுங்கோ, நல்ல விசயம்.
என்ர மேசையில மட்டும் வைக்காதேங்கோ.
வலயத்தால ஆரும் வந்தால்…"
மிச்சத்தை மின்விசிறி சொன்னது.

செபமாலைமுத்து சேரிடம்
கடைசியாகத்தான் நீட்டினேன்.
பெயர், விலாசம், அடையாள அட்டை, சம்பள இலக்கம், ஒப்பம்.
ஒவ்வொரு தலைப்பின் மேலும் விரலை வைத்துப் பார்த்தார்,
சூடோ என்று பார்ப்பதுபோல.
"நிவாரண அட்டையில எழுதினவை,
முகாமில எழுதினவை, பிறகு வீட்டுத்திட்டத்தில.
ஆணைக்குழுவுக்கு நானே எழுதிக் குடுத்தன், தங்கச்சி.
எல்லாத்திலயும் நான் இருக்கிறன்.
பெடியன் அந்த ஒண்டிலதான் இருக்கிறான்."
படிவத்தை
அதன் பழைய மடிப்பிலேயே மடித்துத் தந்தார்.
எட்டாம் வகுப்புக்குக் காந்தப்புலம் படிப்பிக்கப் போனார்.

சம்பள நிலுவை பற்றி,
ஞாயிற்றுக்கிழமைச் செயலமர்வு பற்றி,
சுகயீன விடுமுறையை எப்படிச் சேர்ந்து போடுவது என்று
கிளிநொச்சியில் கூட்டத்தில் கேட்டபோது
எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.
அதை இந்தக் கிரவல் ரோட்டில்
எந்தக் கிடங்கில் விழுத்தினேனோ.

இன்றைக்கு மூன்றாம் பாடம் முடிய
இசைநிலா வந்து நின்றாள்.
ஆறு வருடமாகத் தொண்டராசிரியை.
தாய்தகப்பன்மார் சேர்த்துக் கொடுக்கும் ஏழாயிரம்,
நெல்லு வெட்டின மாதத்தில் மட்டும் முழுதாக.
"எல்லாருக்கும் காட்டினீங்களாம், அக்கா.
எனக்குக் காட்டேல்லை."
காட்டவில்லைத்தான்.
யாப்பில் அவளுக்கு இடமில்லை.
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் அதற்குள் கதிரையை இழுத்து இருந்துவிட்டாள்.

பதினெட்டாவது வரியில்,
கரும்பலகையில் எழுதுகிற அதே முத்தெழுத்தில்
பெயர். விலாசம். அடையாள அட்டை.
பிறகு நிமிர்ந்து "இதில என்ன போட?"
சம்பள இலக்கம்.
நான் ஒன்றும் சொல்லாதிருக்க
தானே ஒரு சின்னக் கோடு இழுத்தாள்,
சோதினைக்கு வராத பிள்ளைக்குப் புள்ளிப் பதிவேட்டில்
நாங்கள் போடுகிற கோடு.
ஒப்பம் வைத்தாள். மணி அடித்தது.

வியாழக்கிழமை சங்கத்துக்காரர் மோட்டார்சைக்கிளில் வருவார்.
கீழே ஒரு பெயர், மேலே பதினேழு வெறும் வரி.
இந்த ஒன்று செல்லாது ரீச்சர், என்பார்.

பேனை எழுதுகிறது.
உள்ளங்கையில் கீறிப் பார்த்துவிட்டேன்.